பிள்ளைகளின் ஷூக்களை உலர்த்தித் தந்த பெரியவருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கும், எங்களுக்காகத் தூக்கம் கெட்டுக் கிடந்த கோவில்பட்டி ஊராருக்கும், கடல் கடந்து கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஆசிரியர்கள் நாங்கள் ஜப்பானுக்குக் கூட்டிப்போன நம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். நேற்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, சாப்பிட்டானா, தூங்கினாளா என்று கேட்டு முடித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. புயல், நின்றுபோன ரயில்கள், கைவிட்டுப்போன விமானம் எல்லாமே வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்குத் தெரியும். சில நேரம் எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தது! நன்றி சொல்ல மட்டும்தான் இந்த மடல்.

மொத்தமாகச் சொல்லிவிட வேண்டியவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒசாகாவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில், நேரம் கெட்ட நேரத்தில் போனை எடுத்துப் பொறுமையாகப் பேசியவருக்கு. ரயில் ஓடாததால் நேரில் வர முடியாமல், ராத்திரி பகல் பார்க்காமல் போனிலேயே மொழிபெயர்த்துக்கொண்டிருந்த, ஒசாகாவில் இருக்கும் நம் மென்பொருள் தம்பிகளுக்கு. நாங்கள் ஒசாகா போய் இறங்கியதும் கோபேயிலிருந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டு வந்த குடும்பத்துக்கு. அந்தத் தயிர்சாதத்தைப் பார்த்ததும் பெரிய பையன்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாற்று டிக்கெட்டுக்கு முன்பணம் புரட்டித் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும் பழைய மாணவர்களுக்கும். பள்ளி வாசலிலேயே காத்துக்கிடந்த பெற்றோருக்குக் காசு வாங்காமல் டீ கொடுத்த கடைக்கார அண்ணனுக்கு. எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இனி அந்தத் தாத்தா.

ஹிரோஷிமாவிலிருந்து ஒசாகா போகும் வழியில் நாங்கள் மாட்டிக்கொண்ட ஊர் ஒனோமிச்சி. கடலை ஒட்டி ரயில் பாதை, அதைத் தாண்டியதும் மலைச்சரிவு. சரிவு முழுக்கப் பழைய கோயில்களும், ஓட்டு வீடுகளும், பூனைகளும், கற்படிகளும்தான். வெயில் அடித்தால் பார்க்கப் பார்க்கத் திகட்டாத ஊர். நாங்கள் போனது கொட்டுகிற மழையில். எங்களுக்குக் கிடைத்த சின்ன விடுதி அந்தப் படிகளின் மேலே இருந்தது. படியெல்லாம் வாய்க்காலாகத் தண்ணீர் இறங்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்ச் சேர்ந்தபோது ஒருவர் காலிலும் உலர்ந்த துணி இல்லை. விடுதியை நடத்தும் அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. துண்டுகளை அடுக்கி வைத்தார், சுடச்சுடப் பார்லித் தேநீர் கொடுத்தார், குளியலறையைக் காட்டினார். அவருடைய மாமனார், எண்பதைத் தாண்டியவர், வாசல் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நாங்கள் ஷூவைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓஜீசான்" (தாத்தா) என்று பிள்ளைகள் கூப்பிட, அவரும் தலையாட்டினார். அவ்வளவுதான் அறிமுகம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காற்று ஓட்டுக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. நடுச்சாமத்தில் கீழே காகிதம் கசங்குகிற சத்தம். எந்தப் பையன் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறான் என்று பார்க்க இறங்கிப் போனேன்.

வாசற்படியில் தாத்தா உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பழைய செய்தித்தாள் கட்டு. இன்னொரு பக்கம் நம் பிள்ளைகளின் ஷூக்கள் எல்லாம்.

அவர் செய்த வேலையை அப்படியே சொல்கிறேன். முதலில் லேஸைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் அட்டையை உருவித் தனியே சாய்த்து வைக்கிறார். தாளை அழுத்திக் கசக்காமல், காற்றுப் புகும்படி லேசாகச் சுருட்டி முதலில் விரல் நுனிப் பக்கம் திணிக்கிறார். பிறகு நடுப்பகுதி, பிறகு குதிகால். வெளிப்புறத்தை இன்னொரு தாளால் சுற்றுகிறார். கடைசி ஷூவுக்கு வருவதற்குள் முதல் ஷூவில் திணித்த தாள் ஊறிப்போயிருக்கும். அதை உருவிப் போட்டுவிட்டுப் புதுத் தாள். இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறார். கான்வாஸ் ஷூக்களை மின்விசிறிக்கு எதிரே வைத்திருந்தார். பக்கத்திலேயே ஹீட்டர் இருந்தும் அதைப் போடவில்லை. சூடு பட்டால் ரப்பர் வெடித்துவிடும் என்று கையாலேயே ஜாடை காட்டினார்.

நான் பதறிப்போய்க் கீழே உட்கார்ந்து அவர் கையிலிருந்ததை வாங்கப் பார்த்தேன். தரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, நான் நகரப்போவதில்லை என்று தெரிந்ததும், ஒரு கட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். சுருட்டித் தருவது என் வேலை, திணிப்பது அவர் வேலை. ஆளுக்கு ஒரு மொழி வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு ஷூவை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். அடிப்பாகம் முன்னால் வாய் பிளந்திருந்தது. அந்தப் பெண் பயணம் முழுக்க ஒருத்தரிடமும் சொல்லாமல் அதோடுதான் நடந்திருக்கிறாள். தாத்தா எழுந்து போய்ப் பசை கொண்டுவந்து தடவி, துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாகக் கவ்வவிட்டு நிறுத்தி, தனியாக ஓர் ஓரத்தில் வைத்தார்.

விடிந்ததும் ஒனோமிச்சித் தெருவெல்லாம் ஈரம், எங்கள் பிள்ளைகள் காலில் உலர்ந்த ஷூ. ஒவ்வொரு சோடியும் முனை வாசலைப் பார்க்கும்படி, இறங்கி நேரே காலை நுழைக்கும் வாக்கில் இருந்தது. ஒரு ஷூகூட இடம் மாறவில்லை. யார் செய்தது என்று யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஏன் தாத்தா இவ்வளவு சிரமம் என்று ஒசாகாத் தம்பி போனில் கேட்டதற்கு வந்த பதில்: "ஈரக் காலோடு ஊர் போனால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும்."

இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு ஏன் பெரிது என்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பைப் பெரியவர் ஒருவர் கையால் தொட்டால் நாம் துடித்துப்போவோம். அது மரியாதை. ஆனால் செருப்பைச் சுற்றி நம் ஊரில் மரியாதை மட்டுமா இருக்கிறது? என் அப்பா சில தெருக்களைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவர். வாத்தியார் வேலை கிடைத்த பிறகும்தான். அவர் பேத்தி வயதுப் பிள்ளைகளின் ஷூவை, எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாத ஒரு மனிதர் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அதற்கு மேல் அன்று ராத்திரி எதுவும் யோசிக்க ஓடவில்லை.

ஜப்பானைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தோல் வேலை செய்தவர்களையும், செத்த மாட்டை அப்புறப்படுத்தியவர்களையும் ஒதுக்கிவைத்த சமூகம்தான் அதுவும். 1871இல் அரசாங்கம் ஆணை போட்டு அந்த இழிபெயர்களை நீக்கியது. ஆணைக்குப் பிறகும் கொடுமை தீராததால்தான், 1922இல் கியோட்டோவில் புராக்கு மக்கள் என்று சொல்லப்பட்ட அந்த ஒதுக்கப்பட்டவர்களே கூடி சுய்ஹேய்ஷா என்ற இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு இதையும் சொன்னேன். ஒரு நாட்டுக்குப் போய்க் கோயிலையும் புல்லட் ரயிலையும் மட்டும் பார்த்துவிட்டு வருவது போதாது என்பது என் கட்சி.

கோயிலையும் பார்த்தோம், அதில் குறையில்லை. காலாண்டு விடுமுறையில் இப்படி ஒரு பயணம் போகலாம் என்ற எண்ணமே நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலிலிருந்துதான் பிறந்தது. அங்குள்ள பெரிய புத்தருக்கு 752ஆம் ஆண்டு கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்; கண் திறப்பதில் எல்லோருக்கும் பங்கு. அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னபோது கொட்டாவி விட்ட பையன்தான், அங்கே போனதும் ஒரு தூணின் அடியில் புத்தரின் மூக்குத் துவாரம் அளவுக்கு இருக்கும் ஓட்டையில் புகுந்து, பாதியில் மாட்டிக்கொண்டு, நண்பர்கள் காலைப் பிடித்து இழுக்க வெளியே வந்தான்.

ஹிரோஷிமாவில் சிரிப்பு அடங்கிவிட்டது. அணுகுண்டின் கதிர்வீச்சால் நோய் வந்து, காகிதக் கொக்குகளை மடித்தபடியே 12 வயதில் 1955இல் இறந்துபோன சடாகோ சசாகி என்ற சிறுமியின் நினைவாக எழுந்த சின்னத்தின் முன்னால், நம் பிள்ளைகள் பழைய ரஃப் நோட்டுத் தாளில் மடித்த கொக்குகளைச் சேர்த்தார்கள். வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி காகிதக் கொக்குகள் அந்த நகரத்துக்கு வருகின்றனவாம். கணக்குப் போட்ட வரிகளோடு சில கொக்குகள் நம் கோவில்பட்டியிலிருந்தும்.

திரும்பிப் பார்த்தால் அந்த நாட்டில் நாங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் காலிலிருந்தே தொடங்கியிருக்கிறது. வாசலில் ஷூ, நடையில் செருப்பு, பாய் விரித்த அறையில் வெறுங்கால், கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. (கழிப்பறைச் செருப்போடு சாப்பாட்டு அறைக்கு வந்த மகான் யார் என்பதை எழுதமாட்டேன், பயப்படாதே தம்பி.) கியோட்டோவில் தேநீர்ச் சடங்குக்குப் போன இடத்தில் வாசல் இரண்டடிக்குச் சற்றுமேல்தான் உயரம், யாராக இருந்தாலும் குனிந்து, தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே போனதும் அவரவர் செருப்பை அவரவரே திரும்பி எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைக்க வேண்டும். எங்களை ஒரு நாள் சேர்த்துக்கொண்ட பள்ளியில் பிள்ளைகள் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் போட்டுக்கொண்டு தாங்களே சாப்பாடு பரிமாறினார்கள். பிறகு மணி அடித்ததும் துடைப்பமும் துணியும் எடுத்து வகுப்பையும் நடையையும் துடைத்தார்கள். "ஆயா எங்கே டீச்சர்?" என்று நம் பையன் ஒருவன் என் காதில் கேட்டான்.

ஊர் வந்ததும் சில பெற்றோர், அந்தச் சுத்தம் செய்கிற பழக்கத்தை நம் பள்ளியிலும் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் நம் நாட்டில் துடைப்பம் யார் கையில் கொடுக்கப்படுகிறது, கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளையை வாத்தியார் கை காட்டுகிறது என்பதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் பிள்ளைகளிடம் இப்போதே துடைப்பத்தைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. முதலில் ஆசிரியர் அறையை ஆசிரியர்கள் கூட்டுவோம். திங்கட்கிழமை முறை என்னுடையது. தலைமையாசிரியர் வியாழக்கிழமையை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வருஷம் அது நின்று நடந்தால் பிறகு வகுப்பறையைப் பற்றிப் பேசலாம்.

தாத்தாவுக்குக் கைம்மாறாகக் கொடுக்க எங்களிடம் இருந்தது கடைசி ரெண்டு பாக்கெட் கடலைமிட்டாய். கடிக்கப் பார்த்தார், பல்செட் ஒத்துழைக்கவில்லை. தேநீரில் முக்கி ஊறவைத்து, ரசித்துத் தின்று, இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். நாங்கள் படியிறங்கும்போது குடையோடு பாதி வழி வரை வந்து, கடைசிப் பிள்ளை திரும்பும் வரை கையசைத்துக்கொண்டிருந்தாராம். முன்னால் நடந்த எனக்குப் பின்னால் வந்தவர்கள் சொன்னது.

பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதை ஜப்பானிய மொழியில் ஆக்கித் தர ஒசாகாத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். கூடவே கடலைமிட்டாயும் போகிறது, கடையில் சொல்லி மெல்லிசாகப் போடச் சொல்லியிருக்கிறேன். பெற்றோர் யாராவது ரெண்டு வரி சேர்க்க விரும்பினால், தமிழிலேயே எழுதி வெள்ளிக்கிழமைக்குள் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். சனிக்கிழமை காலையில் பார்சல் போடுகிறோம்.