சாரயேவோவை ஒரு பிரகடனத்துக்குள் அடக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறன்று உங்கள் பேப்பரில் போஸ்னியாவின் தலைநகரான சாரயேவோ பற்றி வந்த கட்டுரையை இங்கே களியக்காவிளை டீக்கடையில் ஜும்ஆ முடிந்து வந்தவர்களும் மற்றவர்களும் மாறி மாறி வாசித்தோம். பின்னாளில் போஸ்னியாவின் தலைவரான இஸெத்பெகோவிச் 1970இல் எழுதிய இஸ்லாமியப் பிரகடனத்தை வைத்தே அந்த நகரத்தின் முழுப் போரையும் விளக்கியிருந்தது எனக்கு ஏற்பாக இல்லை. சரி, அந்த எழுத்தில் விவாதிக்க நிறைய இருக்கிறது, இஸ்லாமிய ஆட்சியைப் பற்றி அதில் உள்ள சில வரிகள் எனக்கே உறுத்தும். ஆனால் அப்போது போஸ்னியாவை ஆண்ட யூகோஸ்லாவிய அரசு 1983இல் அவருக்கு 14 வருடச் சிறைத் தண்டனை விதித்ததையும், போரின்போது அவர் தலைமை வகித்த ஜனாதிபதிக் குழுவில் செர்பியரும் குரோவாசியரும் இருந்ததையும், செர்பியரான யோவன் திவ்யாக் அந்த நகரத்தைக் காத்த தளபதிகளில் ஒருவர் என்பதையும் ஏன் விட்டீர்கள்?

1992 முதல் 1996 வரை போஸ்னிய செர்பியப் படைகளின் முற்றுகை. குழாயில் தண்ணீர் இல்லை, பீர் ஆலையின் ஊற்றிலிருந்து பிடிக்கக் கேன்களோடு வரிசை. அங்கே தொழுகிறவரும் சிலுவை போடுகிறவரும் ஒரே குண்டுக்குப் பயந்துதான் நின்றார்கள். மலையாளமும் தமிழும், பள்ளிவாசலும் சர்ச்சும் கோயிலும் கலந்த எல்லையில் வாழ்கிற எங்களுக்கு அந்த வரிசை நன்றாகப் புரியும். வெளிநாட்டிலிருந்து வந்து சண்டையிட்ட முஜாஹிதீன்களையும் மறைக்க வேண்டாம், எழுதுங்கள். அப்புறம் அந்த வரிசையில் நின்றவர்களைப் பற்றியும் ஒரு பக்கம் கொடுங்கள்.

ஒரு வாசகர்,
களியக்காவிளை