கயலுக்கு: ஆடுசதை கிழிந்தால் எத்தனை நாள் ஓய்வு?

அன்புள்ள கயல்,

ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்தேன். ஆடுசதையின் உட்பக்கத்தில் பாதிக் கிழிசல். குதிகால் தசைநாண் அறுபடவில்லை, ரத்தக்குழாயில் ரத்தம் உறையவும் இல்லை. இவ்வளவும் தெளிவான பிறகுதான் சொல்கிறேன்: மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்காதே என்று நீ இருக்கும் பெங்களூரு அல்சூரில் யார் சொன்னாலும் கேட்காதே.

டென்மார்க்கில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், தொடை அல்லது ஆடுசதை கிழிந்த 50 விளையாட்டுக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 2 நாளில் பயிற்சி, மற்றதற்கு 9 நாள் கழித்து. முந்தியவர்கள் சுமார் 62 நாளில் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள், பிந்தியவர்களுக்கு 83 நாள் ஆனது. தள்ளிப்போட்டது ஒரு வாரம், இழந்தது மூன்று வாரம்!

காரணம் இதுதான். கிழிந்த இடத்தில் முதலில் உருவாகும் தழும்பு நார்கள் தாறுமாறாகக் கிடக்கும். இழுவை வரும் திசையில்தான் அவை வரிசைக்கு வரும். படுத்தே இருந்தால் தழும்பு விறைக்கும், சுற்றியுள்ள சதை மெலியும். பிறகு பாட்மிண்டன் கோர்ட்டில் பாயும்போது அந்த இடமே மறுபடி கிழியும்.

முதல் 2 நாள் மட்டும் அடக்கமாக இரு. விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கிரேப் பேண்டேஜ் சுற்று, மேலே போகப்போகத் தளர்த்து. விரல் மரத்துப்போனால் உடனே அவிழ். இரவில் கட்டு வேண்டாம். வலி அதிகமானால் துணியில் சுற்றிய ஐஸ், 10 நிமிடம். சூட்டு ஒத்தடம், தைலம், சுளுக்கு எடுப்பது எதுவும் கூடாது. வீட்டுக்கார அம்மா அன்போடு கூப்பிட்டாலும் மறுத்துவிடு. அழுத்தி நீவினால் உள்ளே நின்ற ரத்தக்கசிவு மறுபடி தொடங்கும். இரண்டு ஷூவிலும் 1 செ.மீ. குதிகால் பேட் வை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

மூன்றாம் நாள் வேலை தொடங்கட்டும். உட்கார்ந்து, பாதத்தில் துண்டைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, பாதத்தால் துண்டைத் தள்ளு. 30 விநாடி, 5 தடவை. கால் அசையாமல் சதை மட்டும் இறுக வேண்டும். பிறகு துண்டை உன் பக்கம் இழுத்துச் சதையை நீட்டும்போது மெல்லிய இழுப்போடு நிறுத்து. 10க்கு 3 வரை வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முந்தின நாளைவிட வலி கூடியிருந்தால் பாதியாகக் குறை, நிறுத்தாதே.

அது சுலபமானதும் சுவரைப் பிடித்து இரண்டு காலிலும் குதிகால் எம்பல், 15 வீதம் 3 முறை. அடுத்து ஒற்றைக்கால். முழங்காலை நீட்டி ஒரு சுற்று, மடக்கி ஒரு சுற்று. மடக்கிச் செய்வதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடியில் இருக்கும் சதைக்கு அப்போதுதான் முழு வேலை. முதுகுப் பையில் அரிசி போட்டுப் படிப்படியாகப் பாரம் ஏற்று.

தப்பு நடப்பது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். வலியில்லாமல் நடக்க முடிந்ததுமே ராக்கெட்டைத் தூக்கிவிடுகிறார்கள். பாட்மிண்டனில் பின்கோட்டிலிருந்து நெட்டுக்குப் பாயும்போது ஒரே கால் முழு உடம்பையும் உந்துகிறது. உனக்குக் கிழிந்ததும் அப்படித்தான். ஆகவே ஒற்றைக்காலில் 25 எம்பல் நல்ல காலுக்குச் சமமாக வர வேண்டும், ஒற்றைக்காலில் குதித்தால் வலிக்கக் கூடாது. அதன்பின் ஷட்டில் இல்லாமல் கால்நகர்வு, அடுத்து அரைக்கோர்ட், கடைசியில்தான் மேட்ச்.

இப்போதைக்கு ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வராதே. பார்க்க ஆசைதான் கண்ணு, நானே அங்கே வருகிறேன். மணிக்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்தால் இப்போதும் ரத்தம் உறையலாம். ஆடுசதை முழுக்க வீங்கிச் சூடானாலோ மூச்சு வாங்கினாலோ என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் எமர்ஜென்சிக்குப் போ.

ஒற்றைக்கால் எம்பல் தொடங்கும் நாளில் பின்னாலிருந்து வீடியோ எடுத்து அனுப்பு. குதிகால் நேராக ஏறுகிறதா, வெளிப்பக்கம் சாய்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா