களப்பயிற்சிக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் உளவியல் ஆலோசனையில் களப்பயிற்சி தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய். ஆலோசனைக்கு வரும் முதல் ஆள் எதிரே வந்து உட்காரும் முன் எந்தப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டலாம் என்றும் கேட்டிருந்தாய். புத்தகம் எதையும் நான் சொல்லப் போவதில்லை. இப்போதைக்கு நீ படித்தது போதும். உன்னைப் போன்ற முதுகலை மாணவர்களுக்குப் பல வருடங்களாக மேற்பார்வையாளராக, அதாவது அவர்களுடைய அமர்வுகளைக் கேட்டு வழிகாட்டுபவராக, இருந்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் வேலையை இன்னொருவர் பார்க்கக் கொடு. அதிலும் சொதப்பிய இடத்தை முதலில் காட்டு.

நீ போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி என் மனத்தில் தங்கிவிட்டது. வாராவாரம் ஓர் அமர்வின் ஒலிப்பதிவை மேற்பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும், இருப்பதில் நன்றாக வந்ததாகப் பார்த்துக் கொண்டுபோவேன் என்கிறாய். அப்படி நினைக்காத மாணவரை நான் பார்த்ததில்லை. உன்னை மதிப்பிட்டு எழுதப் போகிறவரும் மேற்பார்வையாளர்தான், உன் தடுமாற்றத்தைச் சொல்ல வேண்டியதும் அவரிடம்தான். பயிற்சியின் அமைப்பிலேயே இருக்கிற சிக்கல் இது. நிக்கோலஸ் லடானியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. பயிற்சியில் இருப்பவர்கள் மேற்பார்வையாளரிடம் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கேட்டபோது, அநேகமாக எல்லோருமே எதையோ மறைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் மீதே இருந்த மனக்குறை, சொந்தப் பிரச்சினைகள், அமர்வில் செய்த தவறுகள், மதிப்பீட்டைப் பற்றிய பயம் என்று நீளும் பட்டியல் அது. ஆகவே மறைக்கத் தோன்றினால் உன்னிடம் ஏதோ குறை என்று நினைக்காதே. தோன்றும். தோன்றினாலும் எடுத்துக்கொண்டு போ.

பதிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அது வெறும் சடங்கு என்று உன் வகுப்பில் பலர் நினைப்பதாக எழுதியிருந்தாய். ஒரு காலத்தில் மூடிய அறைக்குள் நடந்ததற்குச் சிகிச்சையாளரின் நினைவும் குறிப்புகளும்தான் சாட்சி. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940-களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அமர்வுகளை ஒலித்தட்டில் பதிவு செய்ய ஆரம்பித்தார். 1942-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரே நபருடன் நடந்த எட்டு அமர்வுகளும் முழு உரையாடலாகவே அச்சாகியிருக்கின்றன. பரிவோடு கேட்பதைப் பற்றி அவர் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தன் தொழிலை மற்றவர்கள் காதால் கேட்டுச் சோதிக்கும்படி திறந்து வைத்தாரே, எனக்கு அதுதான் அவருடைய பெரிய துணிச்சலாகப் படுகிறது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நம் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றும். 2005-இல் கோரின் ஹனனும் மைக்கேல் லாம்பர்ட்டும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யாருடைய நிலை மோசமாகப் போகும் என்று அவர்களுடைய சிகிச்சையாளர்களையே கணிக்கச் சொன்னார்கள். மூன்று பேரைத்தான் அவர்கள் சுட்டினார்கள். முடிவில் 40 பேருடைய நிலை மோசமாகியிருந்தது. சுட்டிய மூவரில் ஒருவர் விஷயத்தில்தான் கணிப்பு சரி. பயிற்சியில் இருந்தவர்களோடு உரிமம் பெற்றவர்களும் அந்தச் சிகிச்சையாளர்களில் இருந்தார்கள். அமர்வு நன்றாகப் போனது என்று உனக்குத் தோன்றுவதும், வந்தவருக்கு அது உதவியதும் வேறு வேறு. ஒவ்வொரு அமர்விலும் ஒரு சிறு வினாத்தாளை நிரப்பித் தரச் சொல்லும் முறை உன் பயிற்சி மையத்தில் இருந்தால், அதை அலுவலகக் காகிதமாக நினைத்து ஓரத்தில் வைத்துவிடாதே. ஒருவர் சரிந்துகொண்டிருப்பது உன் கண்ணுக்குத் தெரியும் முன்பே அந்தக் காகிதத்தில் தெரியலாம்.

சரி, பதிவை எப்படிக் கேட்பது? முதல் தடவை உன் குரலே உனக்குப் பிடிக்காது. அது போகட்டும். இரண்டாம் முறை, நீ பேசிய இடங்களில் மட்டும் நிறுத்திப் பார். அந்த நொடியில் உனக்குள் என்ன ஓடியது, எதைச் சொல்ல நினைத்து விழுங்கினாய், எதற்குப் பயந்தாய் என்று கேட்டுக்கொள். உளவியலாளர் நார்மன் கேகன் 1960-களில் பதிவை இப்படி நிறுத்தி நிறுத்தி நினைவுகூரும் முறையைப் பயிற்சிக்காக வளர்த்தெடுத்தார். அவருடைய முறையில் பக்கத்தில் இருப்பவர் தீர்ப்பு சொல்ல மாட்டார், கேள்வி மட்டுமே கேட்பார். உன் மேற்பார்வையாளரிடம் அப்படி ஒருமுறை உட்காரலாமா என்று கேட்டுப் பார்.

நீ கண்டுபிடிக்கப் போவதில் சிலவற்றை இப்போதே சொல்லிவிடலாம். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருப்பாய். வந்தவர் இரண்டாவதற்குப் பதில் சொல்லியிருப்பார், முக்கியமான முதல் கேள்வி காற்றில் போயிருக்கும். அவர் மௌனமாக இருந்த இடத்தில் அவசரமாக ஏதாவது சொல்லி நிரப்பியிருப்பாய். அவர் அழத் தொடங்கியதும் ஓர் ஆலோசனை கொடுத்திருப்பாய். அந்த ஆலோசனை நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் அது யாருக்காக வந்தது? பெரும்பாலும் அந்த அழுகையை உன்னால் தாங்க முடியாததால் வந்திருக்கும். இதை நேரடி வகுப்பில் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். சொந்தக் குரலில் கேட்கும்போதுதான் உறைக்கும். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் மேற்பார்வைக்கு எடுத்துப் போக வேண்டும். ஒரு மணி நேரப் பதிவையும் கொடுத்துவிட்டு மேற்பார்வையாளராகவே கண்டுபிடிக்கட்டும் என்று விடாதே. இந்த இடத்தில் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, கேளுங்கள் என்று நீயே சொல்.

முதல் சில மாதங்கள் உன் கவனம் முழுக்க உன் மீதே இருக்கும். அடுத்து என்ன கேட்பது, நான் சரியாக உட்கார்ந்திருக்கிறேனா என்றே ஓடும். பயிற்சியில் இருப்பவர்கள் வளர்வதைப் பற்றி உளவியலாளர் ஸ்டோல்டன்பெர்க் விவரித்த படிநிலைகளில் முதல் படியே ஏறத்தாழ இதுதான். அதற்காக உன்னையே திட்டிக்கொள்ள வேண்டாம், நாளாவட்டத்தில் கவனம் எதிரே இருப்பவர் பக்கம் நகரும்.

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் எழுதியதை மட்டும் மறக்காதே. ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையே பிணைப்பு இருப்பது மட்டும் போதாது. எதை நோக்கிப் போகிறோம், அதற்காக என்ன செய்கிறோம் என்பதிலும் இருவரும் ஒத்துப்போக வேண்டும். மாணவர்கள் பிணைப்பில் திறமைசாலிகள். இதமாகப் பேசுவார்கள், வருபவரும் ஒவ்வொரு வாரமும் தவறாமல் வருவார், எதற்காக வருகிறார் என்று இருவருக்குமே தெரியாது. மூன்றாவது அமர்வுக்குள் வெளிப்படையாகக் கேட்டுவிடு. 'இதனால் எனக்குப் பிரயோஜனம் இல்லை' என்று அவர் சொன்னால் உனக்கு வலிக்கும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு உன்னை நம்பியிருக்கிறார். சமாளிக்காமல் அதைப் பற்றியே பேசு.

வேலை கிடைக்கவில்லை, எந்தப் படிப்பை எடுப்பது என்று தெரியவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருபவர்களும் இருப்பார்கள். உன் வகுப்புத் தோழி அவர்களை 'லேசான கேஸ்' என்கிறாள் போலிருக்கிறது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. நம் துறையின் வேர்களில் ஒன்றே அங்கேதான் இருக்கிறது. 1908-இல் ஃபிராங்க் பார்சன்ஸ் பாஸ்டனில் தொடங்கிய பணியகம், இளைஞர்கள் தங்களுக்கு ஏற்ற தொழிலைத் தேர்ந்தெடுக்க உதவுவதற்காகத்தான். வேலை இல்லாதவரின் இரவுகள் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார், லேசா கனமா என்பது தெரிந்துவிடும்.

இனி ஒன்று, இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். யாரிடமாவது விரக்தியின் சாயல் தெரிந்தால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று அந்தச் சொல்லைப் பயன்படுத்தியே கேள். சுற்றி வளைக்காதே. கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. கேட்டதால் நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. ஆமாம் என்று சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பதை முதல் நாளுக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள். அந்த நேரத்தில் மேற்பார்வையாளர் எங்கே இருப்பார், அவர் கிடைக்காவிட்டால் யார், அந்த எண்ணம் வரும்போது என்ன செய்வது என்ற பாதுகாப்புத் திட்டத்தை எந்தப் படிவத்தில் வந்தவரோடு சேர்ந்து எழுத வேண்டும், இவற்றையெல்லாம் கேட்டு வாங்கு. சொல்வதெல்லாம் ரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சிலவற்றை வெளியே சொல்ல வேண்டி வரும் என்பதையும், உங்கள் நெறிமுறைகளில் வேறு விதிவிலக்குகள் இருந்தால் அவற்றையும், முதல் அமர்விலேயே வருபவரிடம் விளக்கு. அப்படி ஒருவரைப் பார்த்த நாளில், மேற்பார்வையாளரிடம் பேசாமல் வீட்டுக்குப் போகாதே. அவர் வேலையாக இருந்தாலும் கதவைத் தட்டு. பயிற்சியில் இருப்பவர் அந்தச் சுமையைத் தனியாகத் தூக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

புள்ளியியல் பாடம் உயிரை வாங்குகிறது என்று எழுதியிருந்தாய். தெரியும். அதை முடித்துவிடு. மேலே சொன்ன அந்த 550 பேர் ஆய்வை நீயே எடுத்துப் படித்து, நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய அது வேண்டும். நீயே ஓர் ஆலோசகரிடம் போகலாமா என்று கேட்டதற்கு, தாராளமாகப் போ. நாற்காலியின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உனக்குத் தெரிந்திருப்பது நல்லது. அவர் உன் துறையில் உனக்குப் பாடம் எடுப்பவராகவோ மதிப்பிடுபவராகவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், நானும் இதே தொழிலில் இருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். உன்னிடம் வருபவர்களைப் பற்றி என்னிடம் பேச உனக்கு ஆசை வரும். பெயரைச் சொல்லாமல் சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம். நான் உன் அம்மா, உன் மேற்பார்வையாளர் இல்லை. அவர்கள் தங்கள் கதையை என் காதுக்குக் கொண்டுவரச் சம்மதிக்கவில்லை. தொலைபேசியில் நீ ஆரம்பித்தால் நானே நிறுத்திவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, அந்தச் சொதப்பிய இரண்டு நிமிடத்தை இந்த வாரம் கொண்டுபோனாயா என்று கேட்பேன். அதற்கு மட்டும் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா