உதவிப் பயிற்சியாளர் தலையில் விடியும் ஊழல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஊழலைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 2017 செப்டம்பர் 26 அன்று பத்துப் பேர் கைது செய்யப்பட்டதாக நியூயார்க் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் அறிவித்ததில் தொடங்கி, லூயிவில் பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோவைப் பதவிநீக்கியது வரை நடந்தவற்றைக் கட்டுரையாளர் ஒழுங்காகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால், பயிற்சியாளர்களை மாற்றியதன் மூலம் கல்லூரிகள் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொண்டன என்று அவர் கட்டுரையை முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. யார் மாற்றப்பட்டார்கள், மாற்றப்பட்டவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது.

கைதானவர்களில் பயிற்சியாளர்கள் நால்வர். ஆபர்னின் சக் பெர்சன், ஓக்லஹோமா ஸ்டேட்டின் லமாண்ட் எவன்ஸ், அரிசோனாவின் இமானுவேல் ரிச்சர்ட்சன், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டோனி பிளாண்ட். நால்வரும் உதவிப் பயிற்சியாளர்கள், நால்வரும் கறுப்பினத்தவர், நால்வரும் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவிருக்கும் மாணவர்களைக் குறிப்பிட்ட முகவர்களிடமும் நிதி ஆலோசகர்களிடமும் தள்ளிவிடுவதற்குப் பணம் வாங்கினார்கள் என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டின் சாரம். ரிச்சர்ட்சன் வாங்கியது 20,000 டாலர். அவருக்கும் எவன்ஸுக்கும் தலா மூன்று மாதச் சிறை. மற்ற இருவருக்கும் சிறையில்லாத் தண்டனை. தன்னை நம்பி வந்த பையனை விலைபேசுவது குற்றந்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் கேள்வி, தண்டனை ஏன் உதவிப் பயிற்சியாளர் என்ற படியோடு நின்றுவிட்டது என்பதே.

இதே வழக்கின் மற்றொரு கிளையில், லூயிவில் கல்லூரிக்கு ஒரு மாணவன் வருவதற்காக அவனுடைய தந்தைக்கு ஒரு லட்சம் டாலர் தர அடிடாஸ் நிறுவனத்தின் அதிகாரி ஜேம்ஸ் கேட்டோவும் வேறு சிலரும் ஏற்பாடு செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 2018 அக்டோபரில் நடுவர் குழு கேட்டோவையும் மேலும் இருவரையும் குற்றவாளிகள் என்றது. கேட்டோவுக்கு ஒன்பது மாதச் சிறை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் ஏமாற்றப்பட்டவர் யார் தெரியுமா? பல்கலைக்கழகங்கள்! விதிப்படி விளையாடத் தகுதியிழந்த மாணவனுக்கு அறியாமல் கல்வி உதவித்தொகை கொடுத்து அவை நஷ்டப்பட்டன என்பது அரசுத் தரப்பின் வாதம். கைதுகளுக்கு ஒரு மாதம் முன்புதான், 2017 ஆகஸ்டில், லூயிவில் அதே அடிடாஸ் நிறுவனத்துடன் பத்தாண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தத்தை அறிவித்திருந்தது. இவ்வளவு வசதியான பாதிக்கப்பட்டவரை நீதிமன்றங்கள் அடிக்கடி பார்த்திருக்க வழியில்லை.

தலைமைப் பயிற்சியாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரை பெரிதாகக் காட்டும் பிட்டினோவின் நீக்கம் உண்மைதான். பல்கலைக்கழகத்தின் மீது அவர் தொடுத்த வழக்கு 2019இல் பணமின்றிச் சமரசமாகி, 'நீக்கம்' என்பது ஆவணங்களில் 'பதவி விலகல்' என்று திருத்தப்பட்டது. கிரீஸில் பயிற்சியளித்துவிட்டு 2020இல் அவர் அயோனா கல்லூரிக்கு வந்தார். 2022 நவம்பரில், லூயிவில்லின் விதிமீறல்களை ஆராய்ந்த விசாரணைக் குழு அவருக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. 2023இல் செயின்ட் ஜான்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. அரிசோனா 2021இல் ஷான் மில்லரை அனுப்பியது. தீர்ப்பு வருவதற்கு முன்பே சேவியர் அவரை எடுத்துக்கொண்டது, வந்த தீர்ப்பும் அவரைத் தண்டிக்கவில்லை. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022 மார்ச்சில் வில் வேடை நீக்கியது. சரியாக ஓராண்டில் மெக்னீஸ் அவரை நியமித்தது, 2025இல் நார்த் கரோலினா ஸ்டேட் அழைத்துக்கொண்டது. ஆபர்னின் புரூஸ் பேர்ல் தண்டனையாக இரண்டு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். இவர்களில் எவர் மீதும் குற்றவியல் வழக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம் வாங்குகிறவர் தன் அணிக்குள் நடப்பது தனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடிகிறது என்றால், அந்தச் சம்பளம் எதற்கு? அங்கே பல மாநிலங்களில் மாநில அரசின் ஊதியப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்கு அன்று, பல்கலைக்கழகப் பயிற்சியாளருக்கே என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிச் சென்ற ஓக்லஹோமா ஸ்டேட்டைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எவன்ஸ் கைதானதும் அந்தப் பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது, விசாரணைக்கும் ஒத்துழைத்தது. 2020 ஜூனில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. அளித்த தீர்ப்பின்படி, எவன்ஸ் வாங்கியது அதிகபட்சம் 22,000 டாலர். அதிலிருந்து ஒரு மாணவனுக்குப் போய்ச் சேர்ந்தது 300 டாலர். இதற்கு எவன்ஸுக்குப் பத்தாண்டுத் தடையாணை. அவரை எந்தக் கல்லூரி நியமித்தாலும் அது என்.சி.ஏ.ஏ. முன் வந்து காரணம் காட்ட வேண்டும் என்பது அந்த ஆணை. நடைமுறையில் அது கதவடைப்புக்குச் சமம். அதோடு, ஓக்லஹோமா ஸ்டேட் அணி ஓராண்டுக்கு இறுதிச்சுற்றுப் போட்டிகளில் ஆடக் கூடாது என்ற தடையும் வந்தது. மேல்முறையீடு 2021 நவம்பரில் தள்ளுபடியானபோது அணியில் இருந்த எந்த மாணவனுக்கும் பழைய விவகாரத்தில் தொடர்பில்லை. செய்தியாளர்களிடம் பேசிய தலைமைப் பயிற்சியாளர் மைக் பாய்ன்டன் அழுகையை அடக்க முடியாமல் திணறினார்.

அந்தப் பருவத்தின் முடிவில், 2022 ஏப்ரலில், தேசியப் பட்டத்தை வென்றது எந்த அணி? ஓக்லஹோமா ஸ்டேட் இருக்கும் அதே பிக் 12 கூட்டமைப்பைச் சேர்ந்த கான்சஸ். கான்சஸுக்கு வந்த மாணவர் ஒருவரின் தாயாருக்கு 90,000 டாலர் கொடுத்ததாக அடிடாஸின் முன்னாள் ஆலோசகர் ஒருவர் நீதிமன்றத்திலேயே சாட்சி சொல்லியிருந்தார். ஆனால் கான்சஸின் விவகாரம், முன்னாள் வெளியுறவு அமைச்சர் கண்டலீசா ரைஸ் தலைமையிலான ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரையால் பிறந்த தனிக் குழுவிடம் போயிருந்தது. அதன் தீர்ப்பு 2023 அக்டோபரில்தான் வந்தது. இதற்கிடையே, 2021இல், பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்சியாளர் பில் செல்ஃபுக்கு ஆயுள்கால ஒப்பந்தம் போன்ற ஒன்றைக் கொடுத்து, நிலுவையிலுள்ள விதிமீறல் விசாரணையைக் காரணமாக்கி அவரை நீக்க மாட்டோம் என்று அதிலேயே எழுதியும் கொடுத்தது. இறுதியில் 2017-18 பருவத்தின் 15 வெற்றிகளும் அவ்வாண்டின் அரையிறுதித் தகுதியும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன. செல்ஃப் நான்கு ஆட்டங்கள் விலக்கி வைக்கப்பட்டார். அதையும் பல்கலைக்கழகம் முன்பே தானாக விதித்துக்கொண்டிருந்தது. அணிக்கு இறுதிச்சுற்றுத் தடை இல்லை. பாய்ன்டன் 2024இல் வேலையிழந்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

இது புதிதும் அன்று. 1988இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் டுவேன் கேசி பெயரில், ஒரு மாணவனின் தந்தைக்கு எமரி என்ற கூரியர் நிறுவனத்தின் மூலம் போன பார்சல் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிரிந்துபோனது. உள்ளே ஒரு வீடியோ கேசட்டும் 1,000 டாலர் ரொக்கமும் இருந்ததாக அங்கிருந்த ஊழியர்கள் சொன்னார்கள். தான் பணம் வைக்கவில்லை என்று கேசி கடைசிவரை மறுத்தார். அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்துச் சமரசமும் பெற்றார். ஆனாலும் கல்லூரிப் பயிற்சியாளர் வேலை போய், ஜப்பானுக்குச் சென்று பிழைக்க வேண்டியிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் எடி சட்டன் 1989 மார்ச்சில் பதவி விலகி, மறு ஆண்டே ஓக்லஹோமா ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளரானார். 2006 வரை அங்கேயே இருந்தார். கென்டக்கியைச் சீர்செய்ய அழைத்துவரப்பட்டவர் யார் என்றால், அதே ரிக் பிட்டினோ. கென்டக்கி மீது என்.சி.ஏ.ஏ.வுக்கு வந்த கோபத்தில் சிறிய கல்லூரியான கிளீவ்லாந்து ஸ்டேட்டுக்கு இன்னும் இரண்டாண்டுத் தண்டனை கிடைக்கப்போகிறது என்று பயிற்சியாளர் ஜெர்ரி டார்கேனியன் அடித்த கிண்டலை இன்றும் அங்கே நினைவுகூர்கிறார்கள். கிளீவ்லாந்து ஸ்டேட்டின் இடத்தில் ஓக்லஹோமா ஸ்டேட் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் உண்டு. மாணவர்களுக்குப் பணம் கொடுப்பதே ஊழல் என்ற அடிப்படையிலேயே அவர் எழுதியிருக்கிறார். 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவ வீரர்களுக்கான கல்வி சார்ந்த சலுகைகளுக்கு விதித்த வரம்பு பற்றிய ஆல்ஸ்டன் வழக்கில் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூலையிலிருந்து, இந்த ஏற்பாட்டில் சேரும் பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்றானது; முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். கேட்டோவுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட செயலின் பெரும்பகுதியை இன்று பல்கலைக்கழகங்களே காசோலை எழுதிச் செய்கின்றன. ஆகவே மாணவனுக்குப் போன பணத்தையும் உதவிப் பயிற்சியாளர் தன் பையில் போட்டுக்கொண்ட பணத்தையும் ஒரே தட்டில் வைத்து எழுதுவது பொருந்தாது. முன்னது கைவிடப்பட்டுவிட்ட ஒரு விதியின் மீறல். பின்னது எந்த விதி மாறினாலும் கையூட்டுதான்.

இதழில் இந்தத் தொடர் மேலும் வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில், நீக்கப்பட்ட பயிற்சியாளர்களின் பெயர்களோடு நிறுத்திவிடாமல், அவர்களை நியமித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட விளையாட்டுத் துறை இயக்குநர்களையும், காலணி நிறுவனங்களின் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் அளித்த அறங்காவலர்களையும் பற்றிக் கட்டுரையாளர் எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். லூயிவில்லில் பிட்டினோவோடு இயக்குநர் டாம் ஜூரிச்சும் நீக்கப்பட்டார் என்பது அபூர்வமான விதிவிலக்கு. அது ஏன் மற்ற இடங்களில் நடக்கவில்லை என்பதையும் அவர் விசாரித்து எழுதினால் நன்று.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருச்சி