வில்லுப்பாட்டு கேசட்டுகள்: எதை முதலில் எடுப்பது?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. கோயில் கொடை விழாக்களில் பதிந்த வில்லுப்பாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு என்று இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய கேசட்டுகள் உன் கைக்கு வந்தது பெரிய காரியம். எந்த மெஷின் வாங்கலாம், எதை முதலில் கணினியில் ஏற்றலாம் என்று கேட்டிருக்கிறாய். மெஷினைப் பிறகு பார்ப்போம். கெட்டுப்போகும் நிலையில் உள்ளதை முதலில் எடு என்றுதான் யாரும் சொல்வார்கள். நான் வேறு சொல்வேன். பாடியவரோ, அந்தக் குரல் யாருடையது என்று சொல்லக்கூடியவரோ இன்று உயிரோடு இருக்கும் கேசட்டை முதலில் எடு. பூஞ்சை பிடிக்காத கேசட் உலர்ந்த அலமாரியில் இன்னும் சில வருஷம் கிடக்கும். வில்லுப்பாட்டில் இடப்பக்கம் இருந்து பின்பாட்டுப் பாடும் எண்பது வயது இடம்பாடியை நம்பி அப்படி ஒத்திப்போட முடியாது.

அவரிடம் போகும்போது முழுக் கேசட்டையும் ஓட்டிக் காட்டாதே, களைத்துப்போவார். தொடக்கம், நடு, முடிவு என்று மும்மூன்று நிமிஷம், கணினியில் ஏற்றிய பிரதியிலிருந்து போடு; பக்கத்தில் போன் பதிந்துகொண்டிருக்கட்டும். “இது இன்னார்தானே?” என்று கேட்டுவிடாதே, மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். “இது யாரு?” என்று மட்டும் கேள். கதையைப் பாடும் புலவர் யார், வலப்பக்கம் இருந்து பாடும் வலம்பாடி யார், குடம் அடித்தது யார், எந்தக் கோயில், எந்த மாசக் கொடை, பாட்டை யாரிடம் படித்தார்கள் என்பதெல்லாம் வர வேண்டும். இடம்பாடி “ஆமா” போடும் விதத்தையும் இருமலையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சுப் பதிவுக்கும் கேசட்டின் எண்ணையே கொடு.

இனி கேசட். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, உறையையும் இரண்டு பக்கத்தையும் படம் எடு. லேபிளில் தப்பாக எழுதியிருந்தாலும் அப்படியே குறித்துக்கொள். திருத்தம் தனி இடத்தில். மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடு, தவறுதலாக அழியாது. ஜன்னல் வழியே வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சை. அதை மெஷினில் போட்டால் மற்ற கேசட்டுக்கும் தொற்றும். தனியே கட்டி வை, கையாளும்போது முகக்கவசம் போடு.

மங்கலாகக் கேட்டால் டேப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதே. டேப்பை ஹெட்டோடு (ஒலியைப் படிக்கும் காந்த முனை) அழுத்தும் கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருக்கும். ஐந்து திருகாணிக் கூடென்றால் கழற்றி, டேப்பை இன்னொரு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். 60 நிமிஷக் கேசட்டின் டேப் ஏறத்தாழ 18 மைக்ரான் தடிமன், 90-க்கு 12, 120-க்கு 9 தான். அதனால் 120-ஐ வேகமாகச் சுற்றவே கூடாது, இழுபட்டுவிடும்.

டூ-இன்-ஒன் வேண்டாம், கணினிக்கு ஒலியைக் கம்பி வழியே அனுப்பும் லைன் அவுட் உள்ள கேசட் டெக் வேண்டும். வருஷக்கணக்கில் ஓடாத டெக்கில் பெல்ட் தாராக இளகியிருக்கும், மாற்று. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைத் திருத்து: ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பி, ஜால்ரா ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்து. இதை விட்டால் கூரிய மேல் ஒலிகள் போய்விடும், பின்னால் எந்த மென்பொருளாலும் வராது. களத்தில் கொண்டுபோன சாதாரண ரெக்கார்டர்களில் டால்பி என்ற இரைச்சல் குறைப்பு வசதி கிடையாது, ஆகவே டால்பியை அணைத்து வை.

கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் வேவ் (WAV) கோப்பாக ஏற்று. ஸ்டீரியோவில் மணிக்கு 2 ஜிபி சொச்சம் வரும். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட விடாதே. இரைச்சலை நீக்கும் ஆசை வரும். மூலக்கோப்பில் கை வைக்காதே. கேட்பதற்கான பிரதியில் எதையும் செய்துகொள். குடத்தில் அடி விழும்போதெல்லாம் குரல் அமுங்கி மெல்ல எழும். அது ரெக்கார்டரின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு செய்த வேலை, டெக்கின் குறை இல்லை. கேசட் முடிவில் புலவர் குரல் சின்னப்பிள்ளை போலக் கீச்சிட்டால், பதியும்போது பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவாக ஓடியிருக்கிறது. கரண்டில் ஓடிய ரெக்கார்டராக இருந்து பின்னணியில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இருந்தால் அதை அளவுகோலாக வைத்து வேகத்தைச் சரிபார்க்கலாம். இந்தத் திருத்தமும் பிரதியில்தான்.

கேசட்டுகளோடு வந்த அந்த இரண்டு ஸ்பூல் டேப்பையும் (கூடில்லாமல் சக்கரத்தில் சுற்றிய பழைய டேப்) நீ ஓட்டிப் பார்க்காதே. வினிகர் வாடை வந்தால் அது அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த டேப். கிறீச்சிட்டு ஹெட்டில் பிசுபிசுத்தால் பசை ஈரம் குடித்திருக்கிறது. அதை 50 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக வைத்து உலர்த்துவார்கள், ஆனால் அசிடேட்டை அப்படிச் சூடாக்கவே கூடாது. ஆய்வகத்துக்கு விட்டுவிடு.

எழுத்தில் பெயர்ப்பதுதான் நெடிய வேலை. நா. வானமாமலை 1964-இல் தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ போன்ற நூல்களில் சொல் கிடைக்கும். சொல்லை எங்கே இழுத்தார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள் என்பது கேசட்டில் மட்டுமே கிடைக்கும். அதனால் செந்தமிழாக்காமல் காதில் விழுந்தபடியே எழுது. “ஆமா”வை விடாதே. கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் கதை ஓடியிருக்கும்; அங்கே ‘விடுபட்டது’ என்று குறி, நீயாக நிரப்பாதே.

ஒப்பாரியில் கவனம். இறந்தவர் பெயர், நாத்தனார் சண்டை, சொத்து எல்லாம் வரும். குடும்பத்தைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்காதே, யூடியூபில் ஏற்றவே வேண்டாம். ‘பொதுவில் விடலாம்’, ‘வந்து கேட்கலாம்’, ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்று பட்டியலிலேயே ஒரு கட்டம் போடு. சட்டமும் இருக்கிறது: 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி நிகழ்த்துநருக்கு 50 வருஷ உரிமை. 1998 கொடையில் பாடியது 2048 முடியும்வரை அவருடையது. சம்மதத்தை எழுத்தில் வாங்கு. எழுதத் தெரியாதவரென்றால் அவர் வாயாலேயே சொல்லிப் பதி.

மூன்று பிரதி, அதில் ஒன்று வெளியூரில். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்தில் கேட்டுப் பார். 1982-இல் தொடங்கிய குர்கான் (குருகிராம்) இசையியல் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்தாலும் உரிமை கைமாறாது. மூலக் கேசட்டை மட்டும் தூக்கி எறிந்துவிடாதே. ஸ்பீக்கர் பக்கத்திலும் ஈரச் சுவரை ஒட்டியும் பெட்டி இருக்கக் கூடாது.

லேபிள் பட்டியலை அனுப்பு. பாடகர் பெயர் உள்ளவற்றுக்கு நேரே அவர் இருக்கிறாரா, இல்லையென்றால் பிள்ளைகளோ கூடப் பாடியவர்களோ இருக்கிறார்களா என்று குறித்துவிடு. வரிசையைச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி