பூலெஸின் குவார்டெட்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு இசையமைப்பாளரும் இசை நடத்துநருமான பியேர் பூலெஸின் நூற்றாண்டை ஒட்டித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நியூயார்க் பில்ஹார்மோனிக், பி.பி.சி. சிம்பொனி ஆகிய இசைக்குழுக்களை அவர் நடத்திய ஆண்டுகளையும், 1976இல் ஜெர்மனியின் பைராய்ட் அரங்கில் வாக்னரின் இசை நாடகத்தை நடத்தியபோது எழுந்த கூச்சலையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், அவருடைய ஒரே ஸ்ட்ரிங் குவார்டெட்டை (நான்கு நரம்பு வாத்தியங்களுக்கான படைப்பு) மட்டும் ‘நடத்துநர் வேலைக்கு நடுவே எழுதத் தொடங்கிப் பிறகு கைவிட்ட படைப்பு’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்த வரியில் உள்ள இரண்டு செய்திகளுமே சரியல்ல.

‘லீவ்ர் பூர் குவாத்யூர்’, அதாவது ‘நால்வருக்கான நூல்’, 1948–49இல் எழுதப்பட்டது. 1925இல் பிறந்த பூலெஸுக்கு அப்போது வயது 23, 24. பாரிஸில் ரெனோ–பாரோ நாடகக் குழுவின் இசைப் பொறுப்பாளராக, நாடகங்களுக்கு வேண்டிய இசையைக் கவனித்துக்கொண்டிருந்த அவரை நடத்துநர் என்று உலகம் அறியவில்லை. 1954இல் அவர் தொடங்கிய புது இசைக் கச்சேரித் தொடர்தான் அவரை மெல்ல மெல்ல அந்த வேலைக்கு இழுத்தது. புதிய படைப்புகளைச் சரிவர வாசிக்கவைக்க ஆள் போதாத குறையே அதற்குக் காரணம். ஆக, குவார்டெட் முந்தியது, நடத்துநர் பிந்தியவர். இந்த வரிசை மாறினால் அந்தப் படைப்பின் கதையே புரியாமல் போகும்.

ஏனெனில் அந்தக் குவார்டெட்டின் பெரிய சிக்கலே நடுவில் நடத்துநர் இல்லாததுதான். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற வழக்கமான அமைப்புதான். ஆனால் ஒரு கலைஞர் தொடங்கும் இசைச் சொற்றொடரை இன்னொருவர் பாதியில் வாங்கி மூன்றாமவரிடம் தள்ளிவிடுவார். ஒரு சுரம் வில்லால் இழுக்கப்படும், அடுத்தது விரலால் சுண்டப்படும், அதற்கடுத்தது வில்லின் மரப்பகுதியால் தட்டப்படும், பிறகு குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) மிக அருகில் உரசப்பட்டுக் கரகரக்கும். சுரத்துக்குச் சுரம் ஒலியின் அளவு மாறும். காலப்பிரமாணமும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் வெபர்னிடமிருந்து வந்த சிக்கனமும், அதே நாட்டு பெர்கின் ‘லிரிக் ஸ்வீட்’ என்ற குவார்டெட்டிலிருந்து வந்த பதற்றமும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. கண்ணசைவாலும் மூச்சாலும் ஒருவரையொருவர் பின்தொடர்ந்து பழகிய நால்வர் இதற்குத் திணறியதில் வியப்பில்லை.

அதனால்தான் இது துண்டு துண்டாக அரங்கேறியது. முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் 1955இல் ஜெர்மனியின் டோனாவ்எஷிங்கனில் மார்ஷ்னர் குழுவினரால் வாசிக்கப்பட்டன. நான்காம் பகுதி தவிர மற்றவை 1960களின் தொடக்கத்தில்தான் மேடை கண்டன. அந்த நான்காம் பகுதி அப்போது அச்சேறவும் இல்லை. இதற்குள் பூலெஸ் பெயர்பெற்ற நடத்துநராகிவிட்டார். 1968இல் முதல் பகுதியை எடுத்து, நரம்பு வாத்தியங்களின் பெருங்குழுவுக்காக ‘லீவ்ர் பூர் கோர்த்’ என்று விரித்தெழுதினார்; அதை 1988இல் மறுபடியும் மாற்றினார். நால்வரால் கட்டிக்காக்க முடியாததை ஒரு பெருங்குழுவிடம் கொடுத்துத் தாமே முன்னால் நின்றார் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கட்டுரையாளர் ‘கைவிட்டார்’ என்று எழுதியது இந்த மாற்றத்தை மனத்தில் கொண்டாக இருக்கலாம். ஆனால் 2011–12இல், எண்பத்தாறு வயதைக் கடந்த நிலையில், பாரிஸின் டியோட்டிமா நால்வர் குழுவினருடன் சேர்ந்து நால்வருக்கான மூலத்தையே அவர் திருத்தியமைத்தார். அறுபதாண்டுகளுக்குப் பிறகு திரும்பிவந்து கைவைத்த ஒன்றைக் கைவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? 2016இல் அவர் மறைந்த பின், வரைவாகக் கிடந்த நான்காம் பகுதியை இசையமைப்பாளர் பிலிப் மனூரியும் இசை ஆய்வாளர் ழான்-லூயி லெலேயும் நிறைவுசெய்தார்கள். அது 2018இல் அரங்கேறியது.

குவார்டெட் ‘ஒன்றே ஒன்றுதானா?’ என்று கட்டுரையில் தொனித்த ஏளனத்துக்கும் ஒரு சொல். டெபுஸ்ஸி 1893இல் ஒன்று, ராவெல் 1903இல் ஒன்று, ஃபோரே தம் வாழ்வின் கடைசியில் ஒன்று என்று குவார்டெட் எழுதிய இசையமைப்பாளர்களின் நாடு பிரான்ஸ். (டாரியுஸ் மியோ பதினெட்டு எழுதினார், அவர் கை அப்படி.)

கடைசியாக, கட்டுரையின் அடியில் ‘குவார்டெட்டைக் கேட்க’ என்று பரிந்துரைக்கப்பட்டிருந்த ஒலிப்பதிவு ‘லீவ்ர் பூர் கோர்த்’. அது பெருங்குழு வாசிப்பது. மூலத்தின் முதல் பகுதியை மட்டுமே கொண்டது. நால்வர் வாசிப்பதைக் கேட்க விரும்புவோர் டியோட்டிமா குழுவினரின் பதிவைத் தேடட்டும். ஒரே அமர்வில் முழுவதையும் கேட்டு முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேண்டிய பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து வாசிக்கலாம் என்றுதான் பூலெஸே இதை அமைத்திருந்தார்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்