அம்மாவை மண்ணில் இறக்கிய தம்பிமாருக்கு

சபையாருக்கு ஸ்தோத்திரம், மேலப்பாளையத்துத் தம்பிமாருக்கு ஸலாம், தெருக்காரர்களுக்கு வணக்கம்.

போன வருஷமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஒவ்வொரு தடவையும் முதல் வரியோடு எழுந்துவிடுவேன்.

கொரோனாவால் 2021 ஏப்ரல் 26-லிருந்து எங்கள் சர்ச் கோயிலில் ஆராதனை இல்லை. அசனத்துக்கென்று, அதாவது சபையின் பொது விருந்துக்கென்று, வாங்கிப் போட்ட அரிசியை எங்கள் சபைப் போதகரான ஐயர் பைபையாகக் கட்டி, கூலி வேலை நின்றுபோன வீடுகளுக்கு அனுப்பினார். வேதக்கார (கிறிஸ்தவ) வீடா என்று யாரும் கேட்கவில்லை. சபைக்கு வாங்கிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஒரே ஒரு ஆக்சிமீட்டர், டிபன் டப்பாவுக்குள் உட்கார்ந்து தெருத் தெருவாகச் சுற்றியது. எங்கள் வீட்டுக்கு அது வந்த அன்று அம்மாவின் விரலில் 86 என்று குறைவாகக் காட்டியது. நான் மிஷின் கோளாறு என்றேன். வந்திருந்த கிராம செவிலியர்தான் சத்தம் போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தார். அக்கா, அன்றைக்கு உங்களிடம் எரிந்து விழுந்தேன், மன்னித்துவிடுங்கள்.

நாங்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது எதிர்வீட்டு ஆச்சி தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சியும், சொம்பில் கபசுரக் குடிநீரும் வாசலில் வைத்துவிட்டுப் போவார். கசப்பு தாங்காது. குடித்தோமா என்று தெருவில் நின்றே விசாரிப்பார், தப்பிக்க முடியாது.

அம்மா மே மாதம் 8-ஆம் தேதி போய்விட்டார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரை அடக்கம்பண்ண விடாமல் கல்லெறிந்தார்களே, அந்தச் செய்திதான் அன்றைக்கு என் கண்ணுக்குள் நின்றது. எங்கள் ஆட்களிலேயே சிலர் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்றார்கள். அவர்கள் பெயர் இங்கே வேண்டாம். பயம் எனக்கும்தான் இருந்தது. பெற்ற தாயின் பெட்டிக்கு இருபதடி தள்ளி நின்றவன் நான். ஐயர்தான் பேசிச் சரிக்கட்டினார், அப்புறம் மேலப்பாளையத்துத் தம்பிமாரே, உங்களுக்குப் போன் போட்டார்.

ஆறு பேர் வந்தீர்கள். கத்திரி வெயில், ரம்ஜான் நோன்பு, அதற்கு மேல் அந்தப் பிளாஸ்டிக் உடுப்பு. அம்மாவைக் கயிறு கட்டிக் குழியில் இறக்கும்போது ஒரு தம்பி, “மெதுவா, தலைப்பக்கம் மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உயிரோடு இருக்கிறவரைத் தூக்குவது மாதிரி. மண் தள்ளுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, “ஜெபத்த முடிச்சுக்கோங்கண்ணே, நாங்க நிக்கோம்” என்றீர்கள். ஐயர் ஜெபித்து முடிக்கும்வரை மண்வெட்டியைத் தொடவில்லை.

வேலை முடிந்து கையுறையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து வியர்வை தண்ணீராகக் கொட்டியது. ஆறரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக் கேட் பக்கத்தில் உட்கார்ந்து, நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலில் நோன்பு திறந்தீர்கள். வண்டிக்கு டீசல் காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதையைச் சின்னப் பிள்ளையிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ‘நாம்தான் சமாரியனாக இருக்க வேண்டும்’ என்றே எப்போதும் முடிப்பேன். வழியில் அடிபட்டுக் கிடக்கிறவன் நானாக இருப்பேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

இந்த வருஷம் அசனம் உண்டு. ஆறு பேரும் வீட்டாரோடு வர வேண்டும், ஆச்சியும் செவிலியர் அக்காவும் வர வேண்டும். கறி உங்கள் ஊர் பாய் கடையில்தான் சொல்லியிருக்கிறது, அதனால் தயங்க வேண்டாம். பந்தி பன்னிரண்டரைக்குத் தொடங்கும். கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுங்கள், பிந்தினால் குழம்பில் எலும்புதான் மிஞ்சும்.